தண்ணீரில் நடக்கும் பூச்சி சுவருக்கு வந்தபின்: எங்கே பிழை, எப்படிச் சரிசெய்வது

பிரிண்ட் கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். நான் படிக்க இப்படி எதுவும் இல்லாததால் கிளம்பிப் போனவன். குளத்தில் காலைப் பரப்பி வழுக்கிக்கொண்டு போகுமே, ஆங்கிலத்தில் வாட்டர் ஸ்டிரைடர் என்பார்கள், அந்தப் பூச்சியின் காலை மைக்ரோஸ்கோப்பில் எடுத்து, 30 அங்குலத்துக்கு பிரிண்ட் போட்டு, ஹாலில் மாட்டினேன். புகைமூட்டத்தில் எடுத்த மாதிரி இருந்தது. கடைக்காரர் பாவம், காசு வாங்காமல் இன்னொன்று போட்டுக் கொடுத்தார். அதுவும் அப்படியே. பிழை அவர் மெஷினில் இல்லை, என் லென்ஸில் இருந்தது. அன்றிலிருந்து பழக்கம் இதுதான்: சுவரில் தெரியும் கோளாறைச் சுவரில் தேடாமல், பிரிண்ட், ஃபைல், லென்ஸ், வெளிச்சம், பூச்சி என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்ப்பது. உங்கள் படத்தில் தெரியும் கோளாறு எதுவோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எட்ட நின்று பார்த்தாலும் மங்கல்

முதல் சந்தேகம் லென்ஸ் மேல் வையுங்கள். 40எக்ஸில், அதாவது 40 மடங்கு பெருக்கும் லென்ஸில் எடுத்தீர்களா? அப்படியென்றால் காரணம் கிடைத்துவிட்டது.

சாதாரண 4எக்ஸ் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 3.4 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 10எக்ஸுக்கு 1.3. 40எக்ஸுக்கு அரை மைக்ரான் சொச்சம். கேட்டால் 40எக்ஸ்தான் உசத்தி என்று தோன்றும். ஆனால் சுவருக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. 23.5 மி.மீ. அகல சென்சார் உள்ள கேமராவை, இடையில் வேறு லென்ஸ் இல்லாமல், நேராக மைக்ரோஸ்கோப் குழாயில் மாட்டினால் (லென்ஸின் பக்கவாட்டில் 160 என்று பொறித்திருந்தால்தான் இப்படிச் செய்யலாம்) 40எக்ஸில் தெரிவது 0.6 மி.மீ. அகலம்தான். அதை 30 அங்குலமாக, அதாவது 76 செ.மீ.யாக இழுத்தால் ஏறக்குறைய 1,300 மடங்கு. அந்த அரை மைக்ரான் சுவரில் 0.67 மி.மீ. ஆகிவிடுகிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் நல்ல கண்ணுக்கு 0.44 மி.மீ. வரை பிரித்தறிய முடியும். ஆகவே மங்கல் தெரியத்தான் செய்யும்.

அதே 30 அங்குலத்துக்கு 10எக்ஸில் கணக்குப் போடுங்கள். 2.35 மி.மீ. காட்சி, 324 மடங்கு, சுவரில் 0.43 மி.மீ. 4எக்ஸுக்கும் கிட்டத்தட்ட அதே விடைதான் வரும். இரண்டுமே சோபாவில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குச் சரியாக நிற்கும். கிட்டே வந்து மூக்கை ஒட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் நிற்காது, அவரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

40எக்ஸை விடச் சொல்ல இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அது 0.17 மி.மீ. கண்ணாடி வில்லை மூடிய ஸ்லைடுக்காகச் செய்தது. மூடாமல் எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுக்கும். அப்புறம், பொருளுக்கும் லென்ஸுக்கும் நடுவே அரை மி.மீ. சொச்சம்தான் இடம், பக்கத்திலிருந்து விளக்கு காட்டவே வழியில்லை.

மொபைலை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வைத்து எடுத்தவர்களுக்கு: வட்டத்தை வெட்டி எறிந்தபின் உருப்படியாக 2,300 பிக்சல் தேறினால் ஏ4 அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலு ஏ4 படங்களை வரிசையாக மாட்டினால் ஒரு பெரிய மங்கலை விட அழகாகவே இருக்கும். பிக்சலைப் பெருக்கித் தருகிறேன் என்று வரும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். பூச்சிக்கு இல்லாத முடியைக் கற்பனையாக வரைந்து வைத்துவிடுகின்றன.

பாதிக் கால் பளிச், மீதிக் கால் புகை

ஃபோகஸ் ஆழம் போதவில்லை. 10எக்ஸில் ஒரு நேரத்தில் தெளிவாக இருப்பது 8 மைக்ரான் தடிமன்தான், 4எக்ஸில் 55. கால் உருண்டை, அதன் மேல் சாய்ந்து நிற்கும் முடிகள் வேறு. ஒரே படத்தில் அடங்காது. ஃபோகஸை மெல்ல மெல்ல நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியைச் சேர்த்து ஒரே படமாக அடுக்க வேண்டும். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இந்த வேலைக்கென்றே உள்ள மென்பொருள்கள்.

ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்தும் நுண் திருகில் எத்தனை கோடு நகர்த்துவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். என் மைக்ரோஸ்கோப்பில் ஒரு கோடு 2 மைக்ரான். 10எக்ஸில் மூன்று கோட்டுக்கு ஒரு படம், அதாவது 6 மைக்ரான். 200 மைக்ரான் ஆழத்துக்கு முப்பத்தைந்து படம் ஆகும். சோம்பலில் பத்துப் பத்துக் கோடாகத் தாண்டினால் அடுக்கிய படத்தில் தெளிவும் மங்கலும் மாறி மாறி வரிக்குதிரை போல வரும். திருகை ஒரே திசையில் மட்டும் சுற்றுங்கள். போய்த் திரும்பினால் பல்சக்கரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கணக்கு தப்பும்.

அடுக்கிய படத்தில் ஒரு முடி இரண்டாகத் தெரிகிறது

அதிர்வு. மின்விசிறியை நிறுத்துங்கள். மே மாதம் சென்னையில் இதைச் சொல்வது பாவம்தான், ஆனாலும் நிறுத்துங்கள். காற்றில் காய்ந்த கால் ஆடும். மேஜை சுவரை ஒட்டியிருந்தால் ஓரடி இழுத்துப் போடுங்கள், பக்கத்து வீட்டு கிரைண்டர் சுவர் வழியாக வந்து சேரும். எங்கள் தெருவில் பஸ் போகும், அதனால் நான் இரவு பதினொன்றரைக்கு மேல்தான் உட்காருவேன்.

இரண்டாகத் தெரியாமல் முடியைச் சுற்றி வெளிறிய ஒளிவட்டம் மட்டும் இருந்தால் அது அடுக்கும் முறையின் கோளாறு. ஜெரீனில் டிமேப் முறையை விட்டு பிமேக்ஸ் முறைக்கு மாறுங்கள், ஹெலிகானில் சி முறை. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே போகும் முடிகளுக்கு இவையே தோது. கொஞ்சம் மணல் கொட்டினாற்போல் வரும், பிரிண்டில் அது தெரியாது.

கால் வெறும் கறுப்புக் குச்சி, முடியே தெரியவில்லை

கீழிருந்து விளக்குப் போட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப் எல்லாமே அப்படித்தான், வெங்காயத் தோலுக்கு அது சரி. பூச்சிக் காலுக்குள் வெளிச்சம் புகாது, நிழல்தான் விழும்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் படத்தின் உயிரே அந்த முடியில்தான் இருக்கிறது. 2004-ல் சீன விஞ்ஞானிகள் காவோ, ஜியாங் இருவரும் ‘நேச்சர்’ இதழில் இந்தக் காலை அளந்து எழுதினார்கள். ஒவ்வொரு முடியும் 50 மைக்ரான் நீளம், தடிமன் 3 மைக்ரானிலிருந்து அதற்கும் வெகு கீழே. காலோடு ஏறக்குறைய 20 டிகிரி சாய்ந்து, ஒரே பக்கம் படிய வாரிய தலை மாதிரி இருக்கும். முடிகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்ள, தண்ணீர் உள்ளே வர முடியாது. அங்கே நீர்த்துளி 167.6 டிகிரி கோணத்தில், கிட்டத்தட்ட முழு உருண்டையாக உட்காருகிறது. ஒரே ஒரு கால், பூச்சியின் எடையைப் போல 15 மடங்கைத் தாங்குமாம். தாமரை இலைத் தண்ணீர் என்று பட்டும் படாமல் இருப்பவரைச் சொல்கிறோமே, இந்தப் பூச்சி அந்த இலையைக் காலிலேயே கட்டிக்கொண்டு திரிகிறது.

ஆகவே வெளிச்சம் முடியின் மேல் விழ வேண்டும். கீழ் விளக்கை அணையுங்கள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன எல்.ஈ.டி. விளக்கு இரண்டை இரு பக்கமும் தாழ்வாக வையுங்கள். நடுவே டிரேசிங் பேப்பரைக் குழாயாகச் சுருட்டிப் பூச்சியைச் சுற்றி நிறுத்துங்கள். பேப்பர் இல்லாமல் நேராக அடித்தால் கால் முழுக்க வெள்ளைப் பொட்டு பொட்டாக மின்னும். பாதியாக வெட்டிய டேபிள் டென்னிஸ் பந்து இன்னும் அருமை, மேலே லென்ஸ் நுழைய ஓட்டை போட்டுக் கவிழ்த்துவிட்டால் போதும்.

இன்னொரு வழி: கீழ் விளக்கையே வைத்துக்கொண்டு, கண்டென்சருக்கு (ஸ்லைடுக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) கீழே ஃபில்டர் வைக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் கறுப்பு அட்டை வட்டம் ஒன்றை நடுவில் வையுங்கள். நேர் வெளிச்சம் மறைந்து ஓரத்திலிருந்து மட்டும் வரும். பின்புலம் கரிக்கறுப்பு, முடி ஒவ்வொன்றும் வெள்ளிச் சரிகை. 4எக்ஸ், 10எக்ஸில் நன்றாக வேலை செய்யும். வட்டத்தைப் பெரிதும் சிறிதுமாக நாலைந்து வெட்டி வைத்து மாற்றிப் பாருங்கள். என் வீட்டுச் சுவரில் இருப்பவற்றில் வருகிறவர்கள் முதலில் போய் நிற்பது இந்த வகைப் படத்தின் முன்னால்தான்.

காலைச் சுற்றிக் கறுப்பு உறை போட்ட மாதிரி இருக்கிறது

ஸ்லைடில் தண்ணீரோ கிளிசரினோ விட்டு அதில் காலை வைத்திருப்பீர்கள். மேலே சொன்ன காற்றுதான், போக மாட்டேன் என்கிறது. முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் முக்கி எடுத்துவிட்டுக் கிளிசரினில் வைத்தால் காற்று விட்டுவிடும். ஆனால் ஒன்று: ஆல்கஹாலில் நனைந்த காலைத் திரும்பக் காயவைத்தால் முடிகள் எண்ணெய் தேய்த்த தலை போலக் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். முடி தனித்தனியாக நிற்க வேண்டுமானால் நனைக்காமல், காய்ந்தபடியே எடுக்க வேண்டும்.

உயிரோடு எடுக்கலாம் என்று தட்டில் விட்டால் மூழ்குகிறது

உடனே எடுத்து வெளியே விடுங்கள், அப்புறம் காரணம் தேடலாம். தட்டை எதில் கழுவினீர்கள்? பாத்திரம் தேய்க்கும் சோப்புதானே? 25 டிகிரியில் சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்புப் பட்டால் அது பாதியாக இறங்கிவிடும். பூச்சியை மேலே தாங்குவது அந்த இழுவிசைதான், கால் முடிகள் நனைந்துவிட்டால் அதற்கு வேறு பிழைப்பு கிடையாது. தட்டை வெந்நீரில் ஏழெட்டுத் தடவை அலசி, பிடித்து வைத்த மழைத்தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ ஊற்றுங்கள். உங்கள் கையில் இருக்கும் கிரீமும் எண்ணெயும் அதே வேலையைத்தான் செய்யும், விரலை உள்ளே விடாதீர்கள்.

பூச்சிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு காலி மனைகளில் தேங்கும் தண்ணீரே போதும். இவற்றில் பலவற்றுக்கு இறக்கை உண்டு, புதுக் குட்டையைத் தேடிப் பறந்து வந்துவிடும். நான் வேளச்சேரிப் பக்கம் ஒரு காலி மனையில்தான் பிடிப்பேன், எடுத்து முடித்து அங்கேயே விட்டுவிடுவேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்திலும் கிண்டி தேசியப் பூங்காவிலும் கைவைக்காதீர்கள், அவை காக்கப்பட்ட இடங்கள்.

தண்ணீரில் நிற்கிற படத்தில் அந்த அழகான நிழல் வட்டங்கள் இல்லை

கால் அழுத்துகிற இடத்தில் தண்ணீர்ப் பரப்பு குழியும். அந்தக் குழி வெளிச்சத்தை வெளிப்பக்கம் சிதறடிப்பதால் அடியில் விளிம்பு பிரகாசமான கறுப்பு நீள்வட்டம் விழுகிறது. டியூப் லைட்டுக்கும் ஜன்னல் வெளிச்சத்துக்கும் இது வராது. ஒற்றைச் சின்ன எல்.ஈ.டி.யை ஓரடி உயரத்தில் பிடியுங்கள், தண்ணீர் மூன்று செ.மீ. ஆழம் இருக்கட்டும், தட்டின் அடி வெள்ளையாக இருக்கட்டும். இதற்குப் பெரிய மைக்ரோஸ்கோப் தேவையில்லை, குறைந்த பெருக்கத்தில் இரண்டு கண்ணாலும் பார்க்கிற ஸ்டீரியோ வகை போதும்.

வயிறு சூம்பிவிட்டது, கால் தொட்டால் ஒடிகிறது, வெள்ளையாகப் பூத்திருக்கிறது

சூம்பிய வயிற்றுக்கு மருந்து இல்லை. காலை மட்டும் படமெடுங்கள். ஒடிகிற காலுக்கு உண்டு: டிபன் பாக்ஸில் ஈர டிஷ்யூ, அதன் மேல் ஒரு மூடியில் பூச்சி, டெட்டால் இரண்டு சொட்டு, பாக்ஸை மூடி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கால் மடங்கும். ஒரு நாளைக்கு மேல் வைத்தால் பூஞ்சைதான். வெள்ளைப் பூ ஏற்கெனவே வந்துவிட்டால் அந்தப் பூச்சியைக் கைவிடுங்கள். அடுத்ததைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொட்டலம் இரண்டு அதிகமாகக் கிடைத்தால் லென்ஸ் டப்பாவிலும் போடுங்கள். கடலோர வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

எல்லாப் படத்திலும் அதே இடத்தில் ஒரு கறை

ஸ்லைடை நகர்த்துங்கள், கறை கூடவே நகர்ந்தால் ஸ்லைடில். ஐபீஸைத் திருகுங்கள், சுற்றினால் ஐபீஸில். லென்ஸை மாற்றியும் அங்கேயே நின்றால் கேமரா சென்சாரில். சிலந்தி வலை போலக் கிளைவிட்டிருந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை, அது நம் கைவேலை இல்லை.

படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக

விளக்கு துடிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். பவர் பேங்கிலிருந்து விளக்கை எரியவிடுங்கள், அல்லது ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள்.

முடியின் மேல் வரிவரியாக இருக்குமாமே, என் படத்தில் இல்லை

இருக்காது. அந்தப் பள்ளங்கள் நானோமீட்டர் கணக்கு, சாதாரண வெளிச்சத்தால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. நீங்கள் பார்த்தது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படம். கல்லூரியில் தெரிந்தவர் இருந்து எடுத்துக் கொடுத்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூச்சிக்குத் தங்கம் பூசியாகிவிட்டதா? பூசாவிட்டால் மின்னேற்றம் தேங்கி, முடி நுனிகள் வெள்ளையாக எரிந்து கோடு இழுக்கும், அதை எந்த மென்பொருளும் பிறகு திருத்தாது. படத்தை அந்த மெஷினின் பெரிய அளவில் சேமிக்கச் சொல்லுங்கள், 1,280 பிக்சல் சுவருக்கு ஆகாது. கீழே வரும் தகவல் பட்டை இல்லாத பிரதி ஒன்றும் வேண்டும்.

அந்தப் படம் எப்போதுமே சாம்பல் நிறம்தான். நீலமும் ஊதாவும் யாரோ உட்கார்ந்து பூசியவை. பூசுவது தப்பில்லை, நானும் பூசியிருக்கிறேன், ஆனால் கீழே ஒரு வரி எழுதிவிடுவேன். பக்கத்திலேயே அளவுகோலும் போடுங்கள். ‘500 மடங்கு’ என்று எழுதாதீர்கள், படத்தின் அளவை மாற்றிய நிமிஷமே அது பொய்யாகிவிடும். 50 மைக்ரான் என்று ஒரு கோடு போட்டால் படம் பெருகினால் கோடும் கூடவே பெருகும்.

திரையில் கரிக்கறுப்பு, பிரிண்டில் பழுப்பு அல்லது பச்சை

இதுதான் உண்மையிலேயே கடை சம்பந்தப்பட்டது, இதிலும் பாதி நம் தப்பு. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துத் திருத்துங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் கறுப்பு, நடுச்சாம்பல், முடி மூன்றும் வருகிற ஒரு துண்டை ஏ4-ல் போடச் சொல்லி, வெளியே பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் பார்த்து ‘ஓகே’ சொல்லிவிட்டு வந்து நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். சாம்பலில் பச்சை தட்டினால் கறுப்பு மையை மட்டும் வைத்து அச்சடிக்க முடியுமா என்று கேளுங்கள். பிளெக்ஸ் வேண்டாம். கட்அவுட்டுக்கு அது பொருத்தம், 50 மைக்ரான் முடிக்கு இல்லை.

பிரேம் போட்டதும் படம் செத்துவிட்டது

டியூப் லைட் முழுசாகக் கண்ணாடியில் தெரிகிறது என்று சொரசொரப்பான ‘நான் கிளேர்’ கண்ணாடி கேட்டிருப்பீர்கள். அது படத்தை ஒட்டி இருந்தால்தான் தெளிவு. நடுவே மவுன்ட் அட்டை (படத்தைச் சுற்றி விளிம்பாக வைக்கும் அட்டை) வந்து இரண்டு மி.மீ. விலகினாலே முடியெல்லாம் கரையும். சாதாரணக் கண்ணாடியே போட்டு, பிரேமின் மேல் விளிம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டிப் பாருங்கள்.

கண்ணாடியைப் படத்தோடு ஒட்டவைக்கவும் கூடாது. நம் ஊர் ஈரத்தில் இரண்டே மழைக்காலத்தில் ஒட்டிக்கொண்டு உரியும். மவுன்ட் அட்டை அவசியம். பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பொத்தான் ஒட்டிச் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். கார்த்திகையில் ஓதம் ஏறுகிற சுவரும் மேற்கு வெயில் விழுகிற சுவரும் வேண்டாம். பின்பக்க அட்டையை வருஷம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள், கரையான் முன்பக்கம் வந்து சொல்லிவிட்டு ஆரம்பிப்பதில்லை.

தலைகீழாக மாட்டிவிட்டார்கள்

சிரிக்காதீர்கள், நடக்கும். திருவல்லிக்கேணியில் நான் வழக்கமாகப் போகும் பிரேம் கடையில் சாமி படங்களுக்கு நடுவே என் படத்தைக் கையில் பிடித்துக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சார் இது, தென்னங்கீத்தா?”

“பூச்சியோட காலுண்ணே.”

“காலா!” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “அப்போ கொக்கிய இந்தப் பக்கம் அடிச்சிட்டேனே. கீத்துன்னு நெனச்சு நுனியத் தொங்கவிட்டேன்.”

அவர் அடித்தபடியே விட்டுவிட்டேன், கீற்றாகப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது. மற்றபடி பிரிண்டின் பின்னால் பென்சிலில் ஒரு அம்புக்குறி போட்டுக் கொடுங்கள்.

“ஹால்ல எதுக்குக் கரப்பான் படம்?”

எங்கள் அத்தை கேட்டது. முழுப் பூச்சியையும் நட்டநடுவில் வைத்து எடுத்தால் இந்தக் கேள்வி வரும். ஒரு காலை மட்டும் குறுக்கே ஓடவிடுங்கள், அல்லது பூச்சியை ஓரத்தில் தள்ளி நிழல் வட்டங்களைப் பெரிதாகக் காட்டுங்கள். நான் நிழல் படத்தை மாற்றி மாட்டினேன். அத்தை அதை ஊதுவத்தி ஸ்டாண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை நான் திருத்தவில்லை.